குண்டுக்கரிச்சானையும் புற்றுக்காளானையும் ஒன்றாகக் கவனிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பறவை பார்க்கப் பழகியவர்கள் காளான் பக்கம் திரும்பும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே கொண்டு வருகிறார்கள். பார்த்ததும் பெயர் சொல்லிவிடுவது. பறவை விஷயத்தில் அது நல்ல பழக்கம்தான், கண்ணெதிரே வந்து மறையும் உயிரை அரை விநாடியில் அடையாளம் காண வேறு வழி கிடையாது. அதே வேகத்தைக் காளானிடம் காட்டினால் தப்பாகப் போகும், அந்தத் தப்பு அடுப்பு வரை போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பாடும் பறவை ஒன்றையும் காட்டுக் காளான் ஒன்றையும் ஒரே இடத்தில், ஒரே நோட்டில், ஒரு வருடம் சேர்த்துக் கவனித்தீர்கள் என்றால், இரண்டையும் தெரிந்துகொள்ளும் முறை எவ்வளவு வேறு என்பது யாரும் சொல்லாமலே பிடிபட்டுவிடும்.

நான் கவனித்து வரும் ஜோடி குண்டுக்கரிச்சானும் புற்றுக்காளானும். எங்கள் ஊர் ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிறது. காட்டு ஓரம், புதர், புளியமரம், ஏரிக்கரை, நடுநடுவே கறையான் புற்று. தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட இடம் எல்லாருக்கும் பக்கத்திலேயே இருக்கும், அடர்ந்த காட்டுக்குள் போக வேண்டியதில்லை.

இந்த இரண்டும் ஏன்?

முதலில் அந்தப் புற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புற்றுக்காளான் மண்ணில் தன்போக்கில் முளைப்பதில்லை. அதன் உண்மையான உடம்பு கறையான் கூட்டுக்குள்ளே இருக்கிறது. கறையான்கள் சருகையும் மரத்துண்டையும் தின்று, அதன் எச்சத்தைக் கொண்டு மூளை போல மடிப்பு மடிப்பாக, பஞ்சு மாதிரி ஒரு தட்டு கட்டுகின்றன. அதில் இந்தப் பூஞ்சை வளர்கிறது. கறையானால் செரிக்க முடியாத கட்டையை இது செரித்துக் கொடுக்கிறது, கறையான் இதற்கு ஈரமும் தீனியும் பாதுகாப்பும் தருகிறது. தட்டின் மேல் கடுகு அளவில் வெள்ளை வெள்ளையாக மணிகள் இருக்கும், கறையான்கள் அவற்றைத் தின்னும். நாம் குடை என்று பார்ப்பது, மழைக்காலத்தில் சில நாள் மட்டும் அது வெளியே அனுப்பும் கனி. மாமரம் முழுக்க மண்ணுக்குள் இருந்துகொண்டு மாம்பழத்தை மட்டும் வெளியே நீட்டினால் எப்படி இருக்கும், அதுதான் இது.

அதே புற்றிலிருந்துதான் கோடை மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புகிறது. சாயங்காலம் வெளிச்சம் மங்கியபின், மற்ற குருவிகள் அடைந்துவிட்ட பிறகும், குண்டுக்கரிச்சான் தரையில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். ஈசல் கிளம்பும் நாளில் புற்று வாய்க்கு இரண்டடி தள்ளி நின்று ஒவ்வொன்றாக அது பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆக, ஒரே கறையான் கூட்டில் ஒன்று குடியிருக்கிறது, இன்னொன்று சாப்பிட வருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

இன்னொரு காரணமும் உண்டு. இரண்டின் அறிவியல் பெயருக்குப் பின்னாலும் சென்னை இருக்கிறது. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்டு பல்க்லி, லண்டனில் இருந்த இயற்கை ஆர்வலர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு இங்கிருந்து பறவை விவரங்களை அனுப்பினார். அவற்றில் ஒன்று 'சவுலாரி' என்ற பெயரோடு போன குண்டுக்கரிச்சான். 1713இல் அந்த விவரம் அச்சில் வந்தது, 1758இல், உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸ் அதே சொல்லை வைத்து 'சவுலாரிஸ்' என்று பெயரிட்டார். இப்போது முழுப்பெயர் காப்சிகஸ் சவுலாரிஸ். புற்றுக்காளான் கதைக்கு அங்கிருந்து வெகுதூரம் வர வேண்டும். புற்றுக்காளான்கள் அடங்கிய டெர்மிட்டோமைசஸ் என்ற பேரினத்தை பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஹைம் 1942இல்தான் வகுத்தார். நம் பக்கம் கிடைக்கும் வெள்ளைப் புற்றுக்காளான்களில் ஒன்றுக்கு, அவர் நினைவாக, டெர்மிட்டோமைசஸ் ஹைமியை என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் பெயர் வைத்தது 1979இல். மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறித்துச் சாப்பிட்ட ஒன்றுக்கு! பறவை அச்சேறியதற்கும் காளான் பெயர் பெற்றதற்கும் இடையே 266 வருடம். ஒரு காளானைப் பார்த்து "இது இன்னது" என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ஒரு புற்றைத் தேர்ந்தெடுங்கள்

ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். உங்கள் சொந்த நிலத்திலோ, தெரிந்தவர் பட்டா நிலத்திலோ, உயிருள்ள ஒரு புற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் பொந்துள்ள பழைய மரமோ, ஓட்டை விழுந்த சுவரோ இருந்தால் இன்னும் நல்லது, குண்டுக்கரிச்சான் கூடு வைப்பது அங்கேதான். புற்று உயிரோடு இருக்கிறதா என்பதை ஒரு மழைக்குப் பின் போய்ப் பார்த்தாலே தெரிந்துவிடும், மேலே புது ஈரமண் பூசியிருக்கும். கறையான் செத்துப்போன புற்றில் சில சமயம் கறுப்பாக விரல் விரலாக வேறொரு பூஞ்சை நீட்டிக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் வேறு புற்று பாருங்கள், அங்கே குடை முளைக்காது.

கறையான் கூடு எல்லாமே மேட்டுப் புற்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. தரைக்கு அடியிலேயே பரவிய கூடும் உண்டு, வெறும் கட்டாந்தரையில் வரிசையாகக் காளான் வந்தால் கீழே கூடு இருக்கிறது என்று அர்த்தம். ஊரில் பெரியவர்களைக் கேளுங்கள். போன வருடம் எந்த இடத்தில் கிடைத்தது என்பது அவர்களுக்கு அடி பிசகாமல் தெரியும். கேட்டதும் சொல்லிவிடுவார்களா என்பது வேறு கதை. காளான் வரும் இடம் பல வீடுகளில் ரகசியம்.

மூன்று எச்சரிக்கை. புற்றுக் கண்ணில் கை விடாதீர்கள், நல்ல பாம்பு இருக்கும், இதில் விளையாட்டே கூடாது. மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றும் புற்று என்றால் அதைத் தொடாமல், தள்ளி நின்று மட்டும் பாருங்கள். அது அந்த ஊர்க்காரர்களுடைய கோயில். காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு குடையைக்கூடப் பறிக்கக் கூடாது.

குண்டுக்கரிச்சான்: காது முதலில், கண் அப்புறம்

பங்குனி தொடங்கி ஆனி வரை இதற்குப் பாட்டுக் காலம். விடியற்காலை ஐந்தரை மணிக்குள் இடத்தில் இருங்கள். ஆண் பறவை அந்த வட்டாரத்திலேயே உயரமான, மறைவில்லாத இடமாகப் பார்த்து உட்காரும். மொட்டைக் கிளை, மின்கம்பம், வீட்டு ஆன்டெனா, ஏதோ ஒன்று. உட்கார்ந்து, நல்ல சீழ்க்கை மாதிரி, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு வரி பாடி நிறுத்தி அடுத்த வரியை வேறு மாதிரி எடுக்கும். மற்ற பறவைகளின் குரலையும் நடுவில் சேர்த்துக்கொள்ளும். அதனால் முதல் வாரம் குழப்பமாக இருக்கும், பரவாயில்லை. பாடும்போது வாலை மெல்ல விரிக்கும், வரி முடிந்ததும் தூக்கும். குரல் வந்த திசையில் மரத்துக்குள்ளே துழாவாதீர்கள், உச்சியைப் பாருங்கள்.

பார்த்தவுடன் சரிபார்க்க வேண்டியது இவ்வளவுதான். அளவு ஏறக்குறைய கொண்டைக்குருவி, வாலோடு 19 செ.மீ. சுமார். ஆணுக்குத் தலை, முதுகு, மார்பு எல்லாம் நீலம் மின்னும் கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பட்டை. பெண்ணுக்கு அந்தக் கறுப்பு வரும் இடமெல்லாம் சாம்பல்.

குழப்பக்கூடியவை மூன்று நான்குதான். கருஞ்சிட்டு இதைப் போலவே வாலைத் தூக்கும், ஆனால் வயிறு வெள்ளை கிடையாது, வாலுக்கு அடியில் செம்பழுப்பு தெரியும். வெண்புருவ வாலாட்டிக்கும் கறுப்பு வெள்ளை உடம்புதான், நீர்க்கரையில் ஓயாமல் வாலாட்டிக்கொண்டே ஓடும், கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் பளிச்சென்று இருக்கும். கொஞ்சம் அடர்ந்த காட்டுக்குள் போனால் சோலைபாடி உண்டு. குண்டுக்கரிச்சானின் உறவுக்காரன், பாட்டில் அதையும் மிஞ்சும், வயிறு செம்பழுப்பு, முதுகின் அடியில் வெள்ளை. இவ்வளவு தெரிந்தால் போதும், ஒரு மாதத்தில் கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்லுவீர்கள். சொல்லலாம், தப்பில்லை. கைபேசியில் குரலைக் கேட்டு ஊகிக்கும் மெர்லின் செயலியை இதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். பதிவு செய்த பாட்டைப் போட்டுப் பறவையைக் கிட்டே வரவழைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அது தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டதாக நினைத்து, குஞ்சுக்குத் தீனி தேட வேண்டிய நேரத்தில் உங்கள் கைபேசியோடு சண்டைக்கு நிற்கும். பாவம்.

பெயர் தெரிந்தபின்தான் உண்மையான வேலை ஆரம்பம். அந்த ஆணுக்கு ஒரு எல்லை உண்டு. எந்தெந்தக் கிளையில் உட்கார்ந்து பாடுகிறது என்று நோட்டில் படம் போட்டுக் குறித்துக்கொண்டே வாருங்கள், இரண்டு வாரத்தில் எல்லை வரைபடமாகவே வந்துவிடும். பொந்தில் புல், வேர், நார் கொண்டுபோகிறதா என்று கவனியுங்கள். முட்டை வழக்கமாக 4 அல்லது 5, வெளிறிய நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளி போட்டிருக்கும். இதை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், நான் சொல்வதை நம்புங்கள். நீங்கள் போய்வந்த தடத்தைப் பிடித்துக்கொண்டு காகமும் பூனையும் வரும்.

பாட்டு நின்றபிறகு, ஐப்பசி கார்த்திகையில், இந்தப் பறவை காணாமல் போய்விட்டதாகப் புதியவர்கள் நினைப்பார்கள். போகாது. அதே வேலியடியில்தான் இருக்கும், கரகரவென்று சீறுவது போல ஒரு குரல் மட்டும் வரும். பொங்கல் சமயத்தில் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்பவர்கள் இந்தக் கரகரப்பைக் கற்றுக்கொண்டு போனால், பாட்டுக்காகக் காத்திருந்து ஏமாற வேண்டியிருக்காது.

புற்றுக்காளான்: கால் முதலில், பெயர் கடைசியில்

இங்கே எல்லாமே தலைகீழ். கூப்பிட்டுக் காட்டிக்கொடுக்கும் குரல் கிடையாது. நல்ல மழை விட்ட இரண்டாம் நாளிலிருந்து தினமும் நடக்க வேண்டும், அதுதான் ஒரே வழி. இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இடியோடு வரும் கனமழை மண்ணை ஆழம் வரை நனைப்பதால் அந்தப் பேச்சு கிட்டத்தட்ட சரியாகவே வந்துவிடுகிறது. எங்கள் பக்கம் ஆடிக்குப் பிறகு ஐப்பசி வரை பார்க்கலாம், உங்கள் ஊர் மழையைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். காலையில் மொட்டாக, வேல்முனை மாதிரி மண்ணைப் பிளந்துகொண்டு வந்தது, மறுநாள் விரிந்திருக்கும், மூன்றாம் நாள் புழு வைத்து அழுகத் தொடங்கும். குண்டுக்கரிச்சானை இன்று தவறவிட்டால் நாளை பார்க்கலாம். இதைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான்.

கண்டதும் பறிக்காதீர்கள். முதலில் படம். நான்கு படம் கண்டிப்பாக வேண்டும்: மேலிருந்து குடை, கீழிருந்து மடிப்பு (குடையின் அடியில் தாள் தாளாக இருப்பது), பக்கவாட்டில் தண்டு, அப்புறம் அது முளைத்திருக்கும் தரை. கைபேசியைத் தரையோடு வைத்தால்தான் மடிப்பு தெரியும், முழங்கால் நனையும், நனையட்டும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துவிட்டால் அளவும் பதிவாகிவிடும்.

பிறகு ஒன்றே ஒன்றை எடுங்கள். தண்டைப் பிடித்து இழுக்க வேண்டாம், களைக்கொத்தியால் சுற்றிலும் மண்ணை மெதுவாக விலக்கிக்கொண்டே போங்கள். தண்டு மண்ணுக்குள் போனதும் முடியாது, வேர் மாதிரி மெலிந்து கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும், ஒரு சாண், ஒரு முழம் என்றுகூட. அது போய்ச் சேரும் இடம் கறையானின் அந்தப் பஞ்சுத் தட்டு. கடைசி வரை தோண்டிக் கூட்டை உடைக்காதீர்கள். ஒரு சாண் வரை போய் வேர் தொடர்கிறது என்று தெரிந்தால் அங்கே நிறுத்திவிடுங்கள். அரிசி இறைத்தது போலப் பொடிப்பொடியாக வரும் சின்னப் புற்றுக்காளானுக்கு மட்டும் இந்த நீள வேர் இருக்காது. கறையான்கள் தட்டின் துணுக்குகளை மேலே கொண்டுவந்து போட்டபின் அதில் முளைப்பது அது.

வேர் விஷயத்தை நான் கற்றுக்கொண்டது அத்தையிடம். ஒரு புரட்டாசியில், வயல் மேட்டில் எருக்குழிக்குப் பக்கத்தில் அழகழகாக வெள்ளைக் குடை ஏழெட்டு. நடுவில் பழுப்புத் திட்டு, தண்டில் மோதிரம், நான் புத்தகப் படத்தில் பார்த்தது அப்படியே. அப்போது பறவை பார்க்கத் தொடங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்தது, இருநூறு பறவைக்குப் பெயர் சொல்லிவிடும் தைரியம் எனக்கு. அதே தைரியத்தில், "புற்றுக்காளான்தான் அத்தை" என்று கூடையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடித்தண்டைப் பார்த்தார். "வேரு எங்கடா? மொட்டையா இருக்குதே. புத்துல வந்ததுன்னா வேரு ஒடஞ்சாவது இருக்கணும். இத கொட்டிட்டு கைய கழுவு" என்றார். கொட்டினேன், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். இரவு வெள்ளைத்தாள் மேல் கவிழ்த்து வைத்த குடையைக் காலையில் எடுத்தபோது தாளில் மங்கிய பச்சையில், குடை உதிர்த்த விதை மாதிரியான பொடி படிந்திருந்தது. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைப் போட்டுவிடும் காளான். வீட்டில் அன்றைக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். இன்றும் அந்தப் பச்சைத் தாள் என் நோட்டில் ஒட்டியிருக்கிறது.

பொடி அச்சு எடுப்பது

காளானில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் கைத்தொழில் இது, பாதிப் பேர் செய்யாமல் தாண்டிப் போவதும் இதைத்தான். விரிந்த குடையைத் தண்டு இல்லாமல் வெட்டுங்கள். பாதி வெள்ளை, பாதி கறுப்பாக இருக்கும்படி இரண்டு தாளை ஒட்டி, அதன் மேல் மடிப்பு கீழே பார்க்கும்படி வையுங்கள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, எவர்சில்வர் டம்ளரோ கிண்ணமோ கவிழ்த்து மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் மடிப்பின் கோலம் அப்படியே தாளில் பொடியாக விழுந்திருக்கும். வெள்ளைப் பொடி என்றால் கறுப்புத் தாளில் தெரியும், நிறமுள்ளது வெள்ளைத்தாளில் தெரியும், இரண்டு தாள் அதற்காக.

புற்றுக்காளான் என்றால் அச்சு வெளிறிய இளஞ்சிவப்பு. பச்சை வந்தால் மேலே சொன்ன வாந்திக் காளான். சாக்லேட் பழுப்பு வந்தால் கடையில் விற்கும் மொட்டுக்காளான் வகையறா. வெள்ளை வந்தால் மிகவும் கவனமாக இருங்கள், கல்லீரலைக் கெடுத்துக் கொல்லும் அமனிட்டா வகைகளுக்கு வெள்ளைப் பொடிதான். அவற்றில் நீளமான வேர்த்தண்டு இருக்காது என்றாலும், வேர் இருப்பதெல்லாம் புற்றுக்காளான் என்றும் சொல்ல முடியாது. புதைந்த கட்டையில் முளைக்கும் வேறு காளான்களுக்கும் நீள வேர் உண்டு, அவற்றின் பொடி வெள்ளை. அத்தையின் வேர்ச் சோதனையும் வேண்டும், பொடி அச்சும் வேண்டும், கீழே கறையான் கூடு இருக்கிறதா என்பதும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்கூட நோட்டில் நான் எழுதுவது "புற்றுக்காளான் வகை" என்றுதான். இனப் பெயர் சொல்ல நுண்ணோக்கி வேண்டும், பல சமயம் மரபணுச் சோதனையே வேண்டும்.

பறவையில் ஆணையும் பெண்ணையும் வயதையும்கூடத் தூரத்திலிருந்து பிரித்துவிட்டு, காளானில் "வகை" என்று எழுதி நிறுத்துவது ஆரம்பத்தில் உறுத்தும். நிறுத்துங்கள். அதுதான் சரியான பதிவு.

நோட்டில் எதை எதோடு ஒப்பிடுவது

வலது பக்கம் பறவை, இடது பக்கம் காளான் என்று பிரித்து, ஒரே தேதியை இரண்டுக்கும் போடுங்கள். முந்தைய நாள் மழை எவ்வளவு, தோராயமாக எழுதினாலும் போதும். ஈசல் கிளம்பிய நாளைச் சிவப்பில் குறியுங்கள், அந்தத் தேதி இரண்டு பக்கத்துக்கும் பொது.

ஏன் சிவப்பு என்றால், புற்றுக்காளான் இனங்கள் பலவற்றில் குடை விரிவது ஈசல் பறந்த பிறகு, கொஞ்ச நாள் இடைவெளி விட்டுத்தான். பறந்த ஈசல் ஜோடி மண்ணுக்குள் போய்ப் புதுக்கூடு தொடங்கும்போது அதில் பூஞ்சை கிடையாது. முதல் வேலைக்காரக் கறையான்கள் பிறந்து வெளியே வரும் நேரத்துக்கு, குடைகள் உதிர்த்த பொடி மண்ணில் பரவியிருக்கும், அவை அதைத் தீனியோடு சேர்த்து எடுத்துக்கொண்டு போகும். புதுக்கூட்டில் தோட்டம் தொடங்குவது அப்படித்தான். உங்கள் ஊரில் ஈசலுக்கும் குடைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று உங்கள் நோட்டு மட்டும்தான் சொல்லும். ஊரில் காளான் பறிப்பவர்களிடம் மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போகாமல் நாலைந்து குடையை விரிய விடச் சொல்லவும் இதுதான் காரணம். எங்கள் ஊரில் இதை எடுத்துச் சொன்னபோது கேட்டுக்கொண்டார்கள், புதுக்கூட்டுக்கு விதை வேண்டும் என்பது விவசாயிகளுக்குப் புரியாத விஷயமா என்ன.

எண்ணிக்கை எழுதும்போது ஒரு சிக்கல் வரும். மூன்று குண்டுக்கரிச்சான் என்றால் மூன்று உயிர். முப்பது குடை என்றால்? கீழே ஒரே பூஞ்சையாக இருக்கலாம். நான் குடையை எண்ணி எழுதிவிட்டு, எத்தனை புற்று என்பதைத் தனியாக எழுதுகிறேன். அதேபோல "இன்று இல்லை" என்பதும் இரண்டு பக்கத்திலும் ஒன்றல்ல. பறவைப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்றும் காணவில்லை என்றால் அது உண்மையான தகவல். காளான் பக்கத்தில் குடை இல்லை என்றால் குடை இல்லை, அவ்வளவுதான். பூஞ்சை அங்கேயேதான் உங்கள் காலடியில் இருக்கிறது.

இடத்தை வெளியே சொல்வதிலும் கவனம் வேண்டும். கூட்டில் அடைகாக்கும் பறவையின் இடத்தைப் பாட்டுக் காலம் முடியும்வரை பொதுவில் போடாதீர்கள். பாடும் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வைப்பது இங்கே சட்டப்படி குற்றம், இருந்தும் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியாவில் இந்தப் பாட்டுக்காகவே குண்டுக்கரிச்சானையும் சோலைபாடியையும் கூண்டுக்குப் பிடிக்கிறார்கள். வங்கதேசத்தில் இது தேசியப் பறவை, தோயல் என்று கூப்பிடுகிறார்கள், அந்த நாட்டுப் பணமான டாகாவின் இரண்டு டாகா நோட்டில் இதன் படமே இருந்தது.

சாப்பிடலாமா?

இந்த வழிகாட்டியை வைத்துக்கொண்டு சாப்பிடக் கூடாது. வளைத்துப் பேச இதில் ஒன்றும் இல்லை. புற்றுக்காளான் ருசியானது, எங்கள் வீட்டில் மிளகு போட்டு வதக்குவார்கள், வருடத்துக்கு ஒருமுறை வரும் விருந்து அது. ஆனால் அதைப் பறித்து வருபவர்கள் ஐம்பது வருடமாக அதே புற்றில் பறிப்பவர்கள். நீங்கள் அவர்களோடு நாலைந்து மழைக்காலம் கூடவே நடந்தபின் அவர்கள் கையால் தேர்ந்தெடுத்ததைச் சாப்பிடுங்கள், படத்தைப் பார்த்துப் பறித்ததை அல்ல. படம் பார்த்துக் காளான் பெயர் சொல்லும் செயலிகளை உணவு விஷயத்தில் நம்பவே நம்பாதீர்கள்.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், அரிசியோ பூண்டோ நிறம் மாறினால் விஷம், பூச்சி கடித்திருந்தால் நல்லது, கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்று சொல்வார்கள். நான்குமே தவறு. அமனிட்டா விஷம் கொதித்தாலும் போகாது. அதன் அறிகுறி சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் ராத்திரி கடந்துதான் தொடங்கும், நடுவில் ஒருநாள் சரியாகிவிட்டது போலவும் காட்டும், அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். யாராவது காட்டுக் காளான் சாப்பிட்டு வாந்தி எடுத்தால் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள், மிச்சமிருக்கும் காளானையும் குழம்பையும் ஒரு தாளில் சுற்றி மருத்துவமனைக்குக் கூடவே எடுத்துப் போங்கள்.

தொட்டால் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். கையைக் கழுவினால் போதும்.

அடுத்த மாசிக்குள் செய்ய வேண்டியது

ஒரு சுற்று முடிந்ததும் பொந்து மரத்தைப் போய்ப் பாருங்கள். மரத்துக்குள் பொந்து விழுவதற்கும் கட்டையை மக்க வைக்கும் பூஞ்சைகள்தான் பெரும்பாலும் காரணம், குண்டுக்கரிச்சான் அதில்தான் குடியேறுகிறது. அந்த மரத்தை "உளுத்துப்போச்சு" என்று வெட்டாமல் இருக்க நில உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். பேச்சு பலிக்கவில்லை என்றால் கூட்டுப் பெட்டி ஒன்று செய்யுங்கள், இந்தப் பறவை பெட்டியை விரும்பி ஏற்றுக்கொள்ளும். பழைய பலகை போதும், வண்ணம் அடிக்க வேண்டாம், அடியில் தண்ணீர் வடிய நாலு துளை, முன்னால் பறவை நுழைய ஒரு வாசல். பூனை ஏற முடியாத இடமாகப் பார்த்து, மதிய வெயில் நேராக விழாத பக்கமாக, பங்குனி பிறப்பதற்குள் கட்டிவிடுங்கள். முதல் வருடம் வராமல் போனால் கழற்றிவிடாதீர்கள். எங்கள் வீட்டுப் பெட்டிக்கு மூன்றாம் பங்குனியில்தான் ஆள் வந்தது, வந்த அன்று காலை ஐந்தேகாலுக்கே பாட்டு தொடங்கிவிட்டது.